ஆழமறியாமல் காலை விடலாமா?

கடற்றொழில் சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்து பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரம் வாங்க வருகின்றவர் கேட்கின்ற கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எத்தனை குதிரைவலு? கடைசி விலை என்ன? உதிரிப்பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்குமா? மூன்றும் நல்ல கேள்விகள். தொழில் தெரிந்தவர் கேட்கின்ற கேள்விகள். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கின்றது. அதை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. "படகின் பின்பலகை எத்தனை அங்குலம்?" என்பதே அந்தக் கேள்வி.

பின்பலகை என்று நான் சொல்வது, படகின் பின்னால் இயந்திரத்தைக் கொளுவுகின்ற பலகையை. இயந்திரத்தின் தலை அந்தப் பலகைக்கு மேலே இருக்கின்றது. புரொப்பெலர் கீழே தண்ணீருக்குள் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையில் இறங்குகின்ற பகுதியின் நீளத்தைத்தான் கடைகளில் "ஷோர்ட் ஷாப்ட்", "லோங் ஷாப்ட்" என்று பிரித்துச் சொல்கின்றார்கள். வாசகர்களுக்கு இலகுவாக இருக்கட்டும் என்பதற்காக இந்தப் பகுதியை "கால்" என்றே எழுதுகின்றேன். ஆழமறியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். இயந்திரத்தின் காலுக்கும் அந்தப் பழமொழி அச்சொட்டாகப் பொருந்துகின்றது.

பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்குகின்ற பொருள் இது. ஐந்து அங்குல வித்தியாசத்தால் அந்தப் பணம் முழுவதும் வீணாகலாம். சில வேளைகளில் பணத்தோடு உயிரும் போகலாம். இந்தப் பிழை நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய முதற் பொறுப்பு வாங்குபவருடையது அல்ல, விற்பவருடையது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றேன்.

எத்தனை வகைக் கால்கள்?

சந்தையில் உள்ள இயந்திரங்களின் கால் நான்கு அளவுகளில் வருகின்றது. கட்டைக் கால் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீற்றர். நெட்டைக் கால் 20 அங்குலம், 508 மில்லிமீற்றர். அதற்கு அடுத்தது 25 அங்குலம், 635 மில்லிமீற்றர். பெரிய இயந்திரங்களில் 30 அங்குலமும் உண்டு. எங்களுடைய கரைகளில் ஓடுகின்ற பைபர் படகுகளுக்கும் சிறு வள்ளங்களுக்கும் பெரும்பாலும் முதல் இரண்டு அளவுகள்தான் விற்பனையாகின்றன. எனவே குழப்பமும் பெரும்பாலும் 15க்கும் 20க்கும் இடையில்தான் நடக்கின்றது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 15, 20 என்பவை பேச்சுக்கு வைத்திருக்கின்ற அளவுகள். உண்மையில் இயந்திரத்தை அளந்து பார்த்தால் ஓரிரு அங்குலம் கூடுதலாகவும் இருக்கும். கம்பனிக்குக் கம்பனி, மாடலுக்கு மாடல் இது மாறும். ஆகவே "லோங்" என்ற சொல்லை நம்பாமல், கம்பனியின் விபரத் தாளில் மில்லிமீற்றரில் போட்டிருக்கின்ற அளவைப் பார்ப்பதே புத்தி.

எழுத்துக்களிலும் ஒரு சிக்கல் இருக்கின்றது. யமஹாவில் எஸ் என்றால் 15 அங்குலம், எல் என்றால் 20, எக்ஸ் என்றால் 25, யூ என்றால் 30. தொஹாட்சுவில் 25 அங்குலத்தை யூஎல் என்று போடுவார்கள். மேர்க்கரியில் அதுவே எக்ஸ்எல் ஆகிவிடும். இதைவிட மோசமான குழப்பம் ஒரே கம்பனிக்குள்ளேயே உண்டு. யமஹாவின் எண்டியூரோ வகையில் ஈ40எக்ஸ்எம்எச்எல் என்றொரு மாடல் இருக்கின்றது. நடுவில் எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டதும் இது மிக நீண்ட கால் என்று நினைத்துவிடக்கூடாது. அந்த எக்ஸ் மாடலின் பெயரோடு சேர்ந்த எழுத்து. காலின் அளவைச் சொல்வது கடைசியில் நிற்கின்ற எல். அதே இயந்திரம் கட்டைக் காலோடு வந்தால் கடைசி எழுத்து எஸ் ஆகிவிடும். ஒரே ஓர் எழுத்துத்தான். பற்றுச்சீட்டில் அந்தக் கடைசி எழுத்தை எழுதாமல் விடுகின்ற கடைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கால் குறைந்தால் என்ன நடக்கும்?

20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல இயந்திரத்தைக் கொளுவினால் புரொப்பெலர் படகின் அடிமட்டத்துக்கு மிக அருகில் நிற்கும். கரையில் நின்று பார்க்கும்போது ஒரு பிழையும் தெரியாது. களப்பின் அமைதியான தண்ணீரில் ஓட்டிப் பார்த்தாலும் ஏதோ ஓடுவதுபோலத்தான் இருக்கும். கடலுக்குப் போனதும்தான் கதை தெரியவரும்.

அலையில் படகின் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பெலர் தண்ணீரை விட்டுக் காற்றை இழுத்துக்கொள்ளும். உடனே இயந்திரம் அலறும். படகோ நகராது. படகு மீண்டும் தாழ்ந்ததும் புரொப்பெலர் தண்ணீரைப் பிடிக்கும். திரும்பத் தூக்கும்போது திரும்பவும் அலறும். ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான தடவைகள் இது நடந்தால் பற்சக்கரமும் தாங்கியும் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்?

அதைவிட ஆபத்தானது சூடு. இயந்திரத்தைக் குளிர வைக்கின்ற தண்ணீரை உறிஞ்சுகின்ற துவாரங்கள் காலின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. அந்தத் துவாரங்கள் தண்ணீருக்கு வெளியே வரும்போதெல்லாம் பம்ப் காற்றை உறிஞ்சுகின்றது. பம்பின் றப்பர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் விரைவில் தேய்ந்து கருகிவிடும். அதன் பிறகு இயந்திரம் சூடேறி இறுகிப்போவதற்கு அதிக நேரம் எடுக்காது.

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் கடற்கரை மணலிலிருந்தே படகைத் தள்ளி, அலை உடைகின்ற இடத்தைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். திரும்பி வரும்போதும் அதே வழிதான். அலை முதுகில் ஏறுகின்ற அந்தச் சில விநாடிகளில் தள்ளுவிசை அற்றுப்போனால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். பக்கவாட்டில் திரும்பிய படகை அடுத்த அலை என்ன செய்யும் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து அங்குலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அண்மையில் ஒரு படகுச் சொந்தக்காரர் கடைக்கு வந்து புதிய புரொப்பெலர் ஒன்று கேட்டார். ஆறு மாதத்துக்குள் அது அவருக்கு இரண்டாவது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், தண்ணீர்ப் பம்பின் றப்பர் மாற்றியாகிவிட்டது, காபரேற்றர் கழற்றிக் கழுவியாகிவிட்டது, எண்ணெயில் கலப்படம் என்று சொல்லி எண்ணெய் வாங்கும் இடத்தையும் மாற்றியாகிவிட்டது. "காக்கா, எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் வருது, ஓட்டம் வருதில்ல" என்றார். படகு எப்போது வாங்கியது என்று கேட்டேன். பழைய படகை விற்றுவிட்டு வேறு படகு எடுத்து, பழைய இயந்திரத்தையே அதில் கொளுவியிருக்கின்றார். அளவு நாடாவைக் கொடுத்து அனுப்பினேன். பின்பலகை பத்தொன்பதரை அங்குலம். இயந்திரத்தின் கால் 16 அங்குலம். புரொப்பெலர், பம்ப், காபரேற்றர், எண்ணெய் எல்லாவற்றிலும் பிழை தேடியிருக்கின்றார்கள். ஒருவராவது ஓர் அளவு நாடாவை எடுத்துப் பிடிக்கவில்லை.

கால் கூடினால் மட்டும் நல்லதா?

"அப்படியானால் எதற்கு வம்பு, நெட்டைக் காலையே வாங்கிவிடுவோம், ஆழத்தில் இருந்தால் நல்லதுதானே" என்று சொல்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை. கால் கூடினால் புரொப்பெலர் காற்றை இழுக்காது, இயந்திரமும் சூடேறாது. ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும். மேலதிகமாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கின்ற ஒவ்வோர் அங்குல இரும்பையும் இயந்திரம் தண்ணீரைக் கிழித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஓட்டம் குறையும். கைப்பிடி பாரமாகும். பின்னால் தண்ணீர் சீறி அடிக்கும். எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும்.

மட்டக்களப்பு வாவியிலும் புத்தளம் களப்பிலும் தொழில் செய்கின்றவர்களுக்கு இதைவிடப் பெரிய தலையிடி இருக்கின்றது. ஆழமில்லாத இடத்தில் நீண்ட கால் நிலத்தில் இடிக்கும், கல்லில் படும், பம்ப் சேற்றையும் மணலையும் உறிஞ்சும். மணலில் ஏற்றி இறக்குகின்ற படகென்றால் கரைக்கு வருவதற்கு முன்பே காலைத் தூக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் படகு அலையின் கையில்தான்.

எண்ணெய்க் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு விலை ஏறி இறங்கினாலும் பழைய 87க்கு அது திரும்பவேயில்லை. மலிவு எண்ணெய் காலத்தில் இந்தப் பிழைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகின்றன. ஒரு படகு ஒரு பயணத்துக்கு 25 லீற்றர் எரிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கால் கூடியதால் பத்தில் ஒரு பங்கு வீணாகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த அளவு, படகுக்குப் படகு மாறும். ஒரு பயணத்துக்கு இரண்டரை லீற்றர் வீண். லீற்றர் 200 ரூபா என்று பிடித்தால் 500 ரூபா. வருடத்தில் 200 நாட்கள் கடலுக்குப் போனால் ஓர் இலட்சம் ரூபா. இயந்திரம் வாங்கும்போது ஐயாயிரம் ரூபா விலைக்கழிவுக்காக ஒரு மணித்தியாலம் பேரம் பேசுகின்ற நாம், வருடா வருடம் ஓர் இலட்சம் தண்ணீருக்குள் போவதைப் பார்ப்பதில்லை. ஊசி போகின்ற வழியைப் பார்த்து உலக்கை போகின்ற வழியை விட்டுவிடுகின்றோம்.

எப்படி அளப்பது?

இது பெரிய வித்தையல்ல. ஓர் அளவு நாடாவும் ஐந்து நிமிடமும் போதும்.

முதலில் படகை அளக்க வேண்டும். இயந்திரம் கொளுவுகின்ற இடத்தில், பின்பலகையின் நடுவில், மேல் விளிம்பில் நாடாவைப் பிடியுங்கள். பலகை சரிந்திருந்தால் நாடாவும் பலகையோடு சேர்ந்தே சரிய வேண்டும். அங்கிருந்து படகின் அடிமட்டம் வரை அளவெடுங்கள். இயந்திரத்துக்காகப் பலகையின் நடுவில் வெட்டிப் பள்ளமாக்கியிருந்தால் அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. படகின் அடிக்கட்டை பின்பலகை வரை ஓடி வந்திருந்தால் அதன் கீழ் விளிம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட படகென்றால் அதைக் கட்டிய ஓடாவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பலர் விடுகின்ற தவறு ஒன்று இருக்கின்றது. படகு தண்ணீரில் மிதக்கும்போது தண்ணீர் மட்டம் வரை அளந்துகொண்டு வருவார்கள். அது பயன்படாது. தண்ணீர் மட்டம் சுமையைப் பொறுத்து மாறும். வலையும் ஐஸும் மீனும் ஏறினால் ஒரு மட்டம், வெறும் படகென்றால் இன்னொரு மட்டம். மாறாதது படகின் அடிமட்டம் மட்டும்தான். அதுவரைதான் அளக்க வேண்டும்.

அடுத்தது இயந்திரம். பலகையின் மேல் குந்துகின்ற கொளுக்கியின் உட்பக்கத்திலிருந்து கீழே இறங்குங்கள். புரொப்பெலருக்குச் சற்று மேலே, படுக்கை வாட்டில் ஒரு தட்டு இருக்கும். மெக்கானிக்மார் அதைக் கெவிற்றேஷன் பிளேற் என்பார்கள். மேலேயிருந்து காற்று புரொப்பெலருக்குள் இறங்காமல் தடுப்பதற்காகத்தான் அந்தத் தட்டு இருக்கின்றது. அந்தத் தட்டு வரையுள்ள நீளமே காலின் நீளம். புரொப்பெலரின் நுனி வரை அளந்துவிட்டு 30 அங்குலம் என்று சொல்பவர்களையும் கண்டிருக்கின்றேன்.

இனி இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள். இயந்திரத்தைக் கொளுவிய பிறகு அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். அல்லது அதற்குக் கீழே 25 மில்லிமீற்றருக்குள், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். யமஹாவின் பாவனைக் கைநூல்களிலும் இதைத்தான் எழுதியிருக்கின்றார்கள். அடிமட்டத்துக்கு மேலே நின்றால் கால் கட்டை. நான்கு ஐந்து அங்குலம் கீழே நின்றால் கால் நெட்டை. இவ்வளவுதான் விஷயம்.

பழைய இயந்திரம் வாங்குகின்றவர்கள் எழுத்தை நம்பவே கூடாது. உப்புக் காற்றில் பெயர்த் தகடு அழிந்திருக்கும். கீழ்ப்பகுதியை வேறோர் இயந்திரத்திலிருந்து கழற்றிப் பூட்டியிருக்கவும் கூடும். நாடா ஒன்றுதான் பொய் சொல்லாது.

பலகை வைத்துச் சமாளிக்கலாமா?

பிழையான இயந்திரத்தை வாங்கிவிட்டு வந்தவருக்கு எங்களுடைய ஊர்களில் கிடைக்கின்ற முதல் ஆலோசனை, "ஒரு பலகையை வைத்து உயர்த்திப் போடுங்க" என்பதுதான். அல்லது, "பலகையை வெட்டி இறக்குங்க" என்பது.

கால் நெட்டையாக இருந்தால் பின்பலகையை உயர்த்துவது முடியாத காரியமல்ல. ஓரிரு அங்குலமென்றால், நல்ல வைரமரத்தை எடுத்து, பலகையின் இரு பக்கமும் ஊடுருவி ஆணி முடுக்கி, ஒரு தேர்ந்த ஓடாவி செய்து தருவார். ஆனால் உயரம் கூடக்கூட இயந்திரம் பின்பலகையை நெம்புகின்ற விசையும் கூடும். பழைய பைபர் படகுகளில் பின்பலகைக்கு உள்ளே இருக்கின்ற மரம் தண்ணீர் ஊறி உளுத்திருப்பது சாதாரணம். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். அப்படிப்பட்ட பலகையில் ஐந்து அங்குலக் கட்டையை வைத்து 40 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டினால், ஒரு நாள் இயந்திரமும் பலகையும் சேர்ந்தே கடலுக்குள் போகும்.

கால் கட்டையாக இருந்தால் பலகையை வெட்டி இறக்குவது அதைவிட மோசம். பின்பலகையின் உயரம் அழகுக்காக வைத்ததல்ல. பின்னாலிருந்து வருகின்ற அலை படகுக்குள் ஏறாமல் தடுக்கின்ற மதில் அது. ஐந்து அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு அலைக்கு வாசலைத் திறந்து வைப்பது இயந்திரத்தைக் காப்பாற்றப் படகைப் பலிகொடுப்பது போன்றது. சில மாடல்களுக்குக் காலை நீட்டுவதற்கான பாகங்களைக் கம்பனிகளே விற்கின்றன. நீளமான உள் தண்டு, கியர் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். செலவு கொஞ்ச நஞ்சமல்ல. கூலியையும் சேர்த்துப் பார்த்தால், இருக்கின்ற இயந்திரத்தை விற்றுவிட்டுச் சரியான காலோடு இன்னொன்று வாங்குவது பல வேளைகளில் இலாபம்.

பக்கவாட்டில் சட்டம் போட்டு இயந்திரம் பூட்டுகின்ற பாரம்பரிய வள்ளக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. சட்டத்தின் உயரம் அவர்கள் கையில் இருக்கின்றது. இயந்திரத்தை முதலில் அளந்துவிட்டு அதற்கேற்பச் சட்டத்தைச் செய்துகொள்ளலாம். அங்கேயும் அளவுதான் முதலில் வர வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

"தொழிலாளிக்குத் தன் படகு தெரியாதா? அவர் கேட்டதை நான் கொடுத்தேன்" என்று சொல்கின்ற வியாபாரிகளோடு நான் உடன்படவில்லை. தொழிலாளிக்குத் தன் படகு நன்றாகவே தெரியும். ஆனால் அவர் இயந்திரம் வாங்குவது பத்து வருடத்துக்கு ஒரு தடவை. கடைக்காரர் விற்பது வாரத்துக்கு இரண்டு. அனுபவம் எவரிடம் இருக்கின்றதோ அவரிடம்தான் பொறுப்பும் இருக்க வேண்டும். கால் செருப்பு வாங்க வருகின்றவரிடம்கூட அளவு கேட்காமல் செருப்புக் கொடுப்பதில்லையே. பல இலட்சம் ரூபா இயந்திரத்தை அளவு கேட்காமல் கொடுப்பது எந்த வியாபார தர்மம்? அளவையையும் நிறுவையையும் பற்றி அதிகம் பேசுகின்ற வியாபாரிகள் நாம். தராசில் மட்டுமல்ல, இப்படிப்பட்ட இடங்களிலும் அளவை இருக்கின்றது.

கையிருப்புப் பிரச்சினை ஒன்று இருக்கின்றது என்பதை நான் மறுக்கவில்லை. சிறிய கடையொன்றில் 15, 25, 40 குதிரைவலு என்று மூன்று வகை வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கால் என்றால் ஆறு இயந்திரம். அவ்வளவு முதலை யார் முடக்குவது? 2022இல் ரூபா சரிந்த பிறகு ஓர் இயந்திரத்துக்கு முடங்குகின்ற பணமே பெரும் பணம். அதனால்தான் பலர் கடையில் கிடப்பதையே தள்ளிவிடப் பார்க்கின்றார்கள். ஆனால் இதற்கு வழியில்லாமல் இல்லை. ஒரே பட்டினத்தில் உள்ள நான்கு கடைக்காரர்கள் பேசி, நீ கட்டைக் காலை வை, நான் நெட்டைக் காலை வைக்கின்றேன், தேவைப்படும்போது மாற்றிக்கொள்வோம் என்று ஓர் ஒழுங்குக்கு வரலாம். அதுவும் முடியாவிட்டால், "உங்களுக்குப் பொருத்தமான கால் இப்போது என்னிடம் இல்லை, பத்து நாளில் எடுத்துத் தருகின்றேன்" என்று சொல்கின்ற துணிவு வேண்டும். பத்து நாள் காத்திருக்கச் சொன்ன கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்கமாட்டார். பொருந்தாததைத் தலையில் கட்டியவரையும் மறக்கமாட்டார். கடற்கரையில் செய்தி பரவ ஒரு காலைப் பொழுது போதும்.

இரண்டாவது பொறுப்பு மொத்தமாக வாங்கிக் கொடுப்பவர்களுடையது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எமது கரைகளுக்கு எத்தனையோ படகுகளும் இயந்திரங்களும் நன்கொடையாக வந்தன. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அவசரத்தில் கட்டப்பட்டு, கடலுக்கே ஏற்றதல்லாத படகுகளும் அவற்றில் இருந்தன என்பது அப்போதே வெளியில் வந்த விஷயம். எண்ணிக்கையைப் பார்த்தார்கள், பொருத்தத்தைப் பார்க்கவில்லை. இன்றும் ஒரு சங்கமோ நிறுவனமோ மானியத்தில் ஐம்பது இயந்திரம் வாங்கிக் கொடுக்கும்போது குதிரைவலுவை மட்டும் எழுதிக் கேள்வி கோருமானால் அதே பிழைதான் திரும்ப நடக்கும். ஐம்பது பேரின் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பின்பலகையின் உயரத்தையும் எழுதிவிட்டால் போதும். ஒரு காகிதத்தில் ஒரு நிரல் கூடும், அவ்வளவுதான்.

மூன்றாவது, படகு கட்டுகின்றவர்கள். ஒரே நீளப் படகென்றாலும் அச்சுக்கு அச்சு பின்பலகையின் உயரம் மாறுகின்றது. படகின் உட்பக்கத்தில், இலக்கம் எழுதுவது போல, பின்பலகை இத்தனை அங்குலம் என்று அழியாத மையில் எழுதிக் கொடுத்தால் அந்தப் படகு எத்தனை கை மாறினாலும் அளவு கூடவே போகும். பருவம் மாறும்போது ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு இயந்திரத்தோடு போய், அங்கே கிடைக்கின்ற படகில் கொளுவித் தொழில் செய்கின்றவர்களுக்கு இது பேருதவி. கற்பிட்டியிலும் திருகோணமலையிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகின்ற படகுக்காரர்களுக்கு இன்னும் அவசியம். அவர்கள் ஏற்றிக்கொண்டு போவது மீனையல்ல, மனிதர்களை.

இனிச் செய்யக்கூடியது

கடை வைத்திருக்கின்றவர்களிடம் நான் கேட்பது மூன்று விடயங்கள்தான். மேசையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். இயந்திரம் கேட்டு வருகின்றவரிடம், பின்பலகையை அளந்துகொண்டு வரச் சொல்லி அதைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பற்றுச்சீட்டில் மாடல் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை எழுதி, அதன் கீழே பின்பலகை இத்தனை அங்குலம் என்று வாடிக்கையாளர் சொன்ன அளவையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்த ஒரு வரி உங்களையும் காப்பாற்றும், அவரையும் காப்பாற்றும். முடிந்தால் முதல் தடவை கொளுவும்போது உங்கள் மெக்கானிக்கை அனுப்பி, தட்டு எங்கே நிற்கின்றது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குகின்றவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. குதிரைவலுவைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் படகின் அளவைச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் கடைக்காரர், "அது எதற்கு, இது எல்லாப் படகுக்கும் சரிவரும்" என்று சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். எல்லாக் காலுக்கும் பொருந்துகின்ற செருப்பும் இல்லை, எல்லாப் படகுக்கும் பொருந்துகின்ற இயந்திரமும் இல்லை.

அளவு நாடாவின் விலை சில நூறு ரூபா. இயந்திரத்தின் விலை பல இலட்சம். படகில் போகின்றவருக்கோ விலை இல்லை. இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பார்க்கின்ற வியாபாரிக்கு நான் இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.